செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நிரல்

எங்கள் பக்கம் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.
காலை ஆறே முக்கால், குருமண்வெளித் துறை.
மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவில்
சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.
பையில் மா அரிதட்டு,
அளவுக் கோப்பை மூன்று,
பத்திரிகைத் தாளில் சுற்றிய ஆறு முட்டை.

"என்ன புள்ள, கேக் விக்கவா?"
பாதைக்காரர் கேட்கிறார்.
கட்டுறுப் பயிற்சி என்றால் ஆருக்கும் விளங்காது.
"மண்டூருக்குப் படிப்பிக்கப் போறன்."
"சமைக்கவா?"
அந்தச் சிரிப்பு
அக்கரை வரைக்கும் எங்களோடு வந்தது.

தாழங்குடாவில் இரண்டு வருஷம்
சமைத்தது குறைவு, எழுதியதுதான் கூட.
புரதத்துக்கு நாலு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது.
சுவாலை மஞ்சளாக எரிந்தால் வாயு வீண்.
வெள்ளைத் துணியில் வாழைக்கயர் பட்டால்
என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது.
தையல் அறையில் என் சங்கிலித் தையலை
ஒருநாளும் நேரே பார்த்ததில்லை விரிவுரையாளர்.
துணியைப் புரட்டுவார்,
பின்பக்கத்து முடிச்சுகளை எண்ணுவார்,
எண்ணிக்கையைச் சிவப்பால் எழுதுவார்.
"கலியாணச் சட்டையிலயும்
பின்பக்கம் பாக்க ஆளில்லகா" என்று
நடுச்சாமத்தில் பிரித்துப் பிரித்துத் தைப்பாள்
என் அறைக்காரி, நிந்தவூர் றிப்கா.

இன்று மதிப்பீடு.
தரம் பத்து, முப்பத்தொரு பேர்.
நாலு பொடியன்கள்,
விவசாயத்துக்கு ஆசிரியர் இல்லாததால் வந்தவர்கள்.
பின்வாங்கில் மதிப்பீட்டாளர், மடியில் படிவம்.
முட்டை இரண்டாம் பாடவேளைக்கு.
முதலாவது, குடும்ப வரவுசெலவு.

நாலு இரவு கீறிய அட்டவணையை
ஒட்டினேன் கரும்பலகையில்.
உணவு, உடை, வீடு, கல்வி, சேமிப்பு.
சேமிப்புக்கு ஓர் உண்டியல் படம்,
உண்டியலுக்குச் சிரித்த வாய்.

"டீச்சர்,
செவ்வாய்க்கிழமைக் காச எதுக்குள்ள போடுற?"

கேட்டவள் நிதுர்ஷிகா.
என் பாடக்குறிப்பில்
எதிர்பார்க்கப்படும் வினாக்கள் மூன்று.
இது இல்லை.
"என்ன செவ்வாய்க்கிழமை?" என்றேன்.
வேறு நாட்டுக்காரியைப் பார்ப்பதுபோல
வகுப்பு என்னைப் பார்த்தது.

லோன், டீச்சர். குழு லோன்.
அஞ்சு பேர். ஒராள் கட்டாட்டி
மத்த நாலு பேரும் கட்டணும்.
கட்டி முடியுமட்டும் அந்த அண்ணன்
பைக்க விட்டு இறங்க மாட்டார்.
"சேமிப்புக்குள்ள போடுங்க டீச்சர்,
அது சும்மாதானே கிடக்கு"
என்றான் ஒரு பொடியன்.
சிரித்தார்கள். நானும்தான்.

நிதுர்ஷிகா சிரிக்கவில்லை.
கொப்பியைப் புரட்டிக்
கடைசித் தாளைக் காட்டினாள்.
அம்மாவின் கணக்கு, இவளின் கையெழுத்து.
கட்டினது.
கட்டாதது.
தெய்வானை மாமிக்காகக் கட்டினது.
தோடு.
மிச்சம்.
ஒவ்வொரு கோடும் அடிமட்டம் வைத்துக் கீறியது.
பின்பக்கம்தான்,
ஒரு முடிச்சும் இல்லை.

அட்டையில் இடம் முடிந்திருந்தது.
அதற்கு வெளியே, கரும்பலகையில்,
சோக்கால் ஒரு நிரல் கீறினேன்.
தலைப்பு எழுதக் கை போனது,
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
"கிழமையப் போடுங்க" என்றார்கள்.
செவ்வாய் என்றார்கள், வியாழன் என்றார்கள்,
ஒருத்தி மெதுவாக, ரெண்டும் என்றாள்.
மணி அடித்தது.
அடுத்த மணியும் அடித்தது.

படிவத்தில் இருந்தது:
கற்பித்தல் சாதனம் நன்று.
பாடத்தை விட்டு விலகல்.
நேர முகாமை போதாது.
கையெழுத்து வைத்தேன்.

திரும்புகிற பாதையில் ஆறு முட்டையும் அப்படியே,
ஒன்று மட்டும் லேசாகக் கீறல்.
"விக்கேல்லையா புள்ள?"
இல்லை என்று தலையாட்டினேன்.

என்ன செவ்வாய்க்கிழமை என்று கேட்டேனே,
அது பொய்.
எங்கள் வீட்டுக்குப் புதன்.
உண்டியலுக்கு வாய் கீறிக்கொண்டிருந்த இரவு
அம்மா போன் எடுத்தா.
பயிற்சிக் காசில் பாதியை அனுப்பிவிட்டு
மறுபடியும் பென்சிலை எடுத்து
அந்தச் சிரிப்பைத்தான் கீறி முடித்தேன்.