பச்சைப் புள்ளி

காலை ஐந்தே காலுக்கு
பைபாஸ் பாலத்தடியில் மாதேஸ்வரியை இறக்கிவிடுகிறேன்.
ஓசூர்க் கம்பெனி பஸ்
நின்றும் நிற்காமலும் அவளை ஏற்றிக்கொள்கிறது.
திரும்பும்போது தூங்கும் கனிஷ்காவை
அம்மாவின் துப்பட்டா என் முதுகோடு கட்டியிருக்கும்.
கூழ் ஃபேக்டரி வாசலில் மாங்காய் லாரிகள்.
காவேரிப்பட்டணம் முழுக்க
புளிக்கத் தொடங்கிய இனிப்பு வாசனை.

ஏழரைக்கு நான் ஆபீஸ் போகிறேன்.
ஆபீஸ் என்பது
பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
துணி தேய்க்கும் மேஜை.
ஏதோ ஒரு குளிர் நாட்டுத் தெருக்கள்
படம் படமாக வரும்.
நடக்கும் ஆளைச் சுற்றி ஒரு கட்டம்.
சைக்கிளுக்கு ஒன்று. நாய்க்கு ஒன்று.
தூணுக்குப் பின்னால் பாதி தெரியும் குழந்தைக்கு
தெரியாத பாதியையும் ஊகித்து ஒன்று.
ஆளில்லாமல் ஓடப்போகும் கார்களுக்கு
எதன்மேல் ஏறக்கூடாது என்று
சொல்லித்தருகிறேன்.
நாளுக்கு அறுநூறு படம்,
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கவேண்டும்.
ஐந்து நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால்
மூலையில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும்.
மஞ்சளுக்குச் சம்பளம் கிடையாது.

பாலுக்கு இது தெரியாது.
குக்கருக்குத் தெரியாது.
ஒருநாள் விட்டு ஒருநாள்
பத்துக்கோ பதினொன்றரைக்கோ
தன் இஷ்டத்துக்கு வரும் ஒகேனக்கல் தண்ணிக்கு
சுத்தமாகத் தெரியாது.
"வூட்லதான இருக்கீங்க" என்று
மாடிவீட்டு முனிரத்னம்
அவர் சிலிண்டரையும் என்னையே வாங்கிவைக்கச் சொல்கிறார்.
எதிர்வீட்டு தாஜுன்னிசா அக்கா மட்டும்
முதலில் என் காதைப் பார்ப்பார்.
ஹெட்போன் இருந்தால்
சேமியாக் கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டு
சத்தமில்லாமல் போய்விடுவார்.
இதுவரை வாய்த்த மேனேஜர்களில்
இவ்வளவு விவரமானவர் யாரும் இல்லை.

மே மாதம். கனிஷ்காவுக்கு லீவு.
ஒரு தண்ணி நாளில், ட்ரம் பாதி நிறைகையில்
ஈரக் கையோடு ஓடிவந்தேன்,
மஞ்சளாகியிருக்கும் என்று.
பச்சை.
நாற்காலியில் முட்டி போட்டு
பூனைக்குட்டியைப் போல மவுஸைத்
தடவிக்கொண்டிருந்தாள்.
"தூங்கப் பாத்துச்சுப்பா. நான் வுடல."

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் இரண்டு பேர்.
நான் தாளிக்கையில் அவள் காவல்.
கூலி, தோல் சீவாத ஒரு செந்தூரா.

மூன்றாம் வாரம் ஒரு படம் திரும்பி வந்தது,
சிவப்பில் ஒரு குறிப்போடு:
பொருள் இல்லாத கட்டம்.

மழைத் தெரு. தள்ளி ஒரு பஸ்.
அதன் கடைசி ஜன்னலைச் சுற்றிக்
கோணலாக ஒரு கட்டம்.
கண்ணாடி, இருட்டு, வேறொன்றும் இல்லை.
"இத யாரு போட்டது?"
"நான்தான்."
"இதுல யாரு இருக்கா?"
பஸ்ஸில் வேறு யார் இருப்பார்கள் என்பது போல
என்னைப் பார்த்தாள்.

அந்த வாரம் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
அழித்துத்தான் அனுப்பினேன்.
கை ஒருமுறை தயங்கியது, அவ்வளவுதான்.
அடுத்த படம் வந்துவிட்டது.
"ஆட்டு, அமுக்காத" என்றேன்.
தலையாட்டினாள், செந்தூரா வாயோடு.

மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய மாதேஸ்வரியின் கன்னத்தில்
ஜன்னல் ரப்பர் பதிந்த கோடு.
கனிஷ்கா அதை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள், போகவில்லை.
"தண்ணி வந்துச்சா?"
"வந்துச்சு."
"எத்தன ட்ரம்மு?"
வண்டியில் ஏறிய பிறகு
கடைசி ட்ரம் பாதிதான் என்று சொன்னேன்.

இரவு இன்னும் நாற்பது படம் பாக்கி.
கனிஷ்காவைத் தூங்கவைக்கப் படுத்தேன்.
அவள் கால் என் வயிற்றின்மேல் விழுந்ததும்
எழ முடியவில்லை.
அடுத்த அறையில்
நாலு மணிக்கு எழவேண்டியவள்
யூனிஃபார்ம் தேய்க்க இடம் இல்லாமல்
கட்டில் ஓரத்தில் துணி மடிக்கிறாள்.
கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை
மேஜைமேல்
மவுஸ் நகரும் சத்தம்.