அடியெடுத்துக் கொடுப்பவள்

கொருக்குப்பேட்டை கேட் பக்கத்தில் நாடகம் போட்டால்
ஒரு சட்டம் உண்டு:
கூட்ஸ் வண்டி வந்தால் அரசனும் வாயை மூட வேண்டும்.
உயர்த்திய வாளை உயர்த்தியபடி,
விழப்போன கண்ணீரை விழவிடாமல்
கடைசிப் பெட்டி கடக்கும்வரை நிற்க வேண்டும்.

பதினொரு வருஷமாக என் அப்பாதான் அரசன்.
பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மாசிலாமணிக்கு
சங்க ஆண்டுவிழா இரவில் மட்டும் ஜிகினாக் கிரீடம்.
வீட்டில் வராத 'ழ' அன்று வரும்.
இளவரசி, மூட்டை தூக்கும் ஜம்புலிங்கம்.
மீசை எடுத்த இடம் பச்சையாகத் தெரியும்.
அண்டை நாட்டானுக்குக் கட்டிவைக்கப் பார்ப்பார் அப்பா;
ஜம்புலிங்கம் மறுப்பான், நஞ்சு குடிப்பான்.
அந்த எண்பது கிலோ பிணத்தை மடியில் போட்டு
அப்பா நிஜமாகவே அழுவார். விசில் பறக்கும்.
பதினொரு வருஷமாக அந்த மடியைப் பார்க்கிறேன்.
அதில் தலைவைக்க
முதலில் சாக வேண்டும்.

நான் படுதாவுக்குப் பின்னால்,
கவிழ்த்த சோடாப் பெட்டி மேல்,
நாற்பது வாட் பல்பும் நோட்டுமாக.
மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள்.
எல்லார் வார்த்தையும் என் கையெழுத்தில்.

திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது.
மாப்பிள்ளை திருவொற்றியூர், டயர் கம்பெனி, பர்மனென்ட்.
புரூஃபில் என் பெயரில் ஒரு 'ல்' விட்டுப்போய்
கற்பகவலி என்று இருந்தது.
அப்பா கவனிக்கவில்லை. நானும் திருத்தவில்லை.
"எனக்கு வேணாம்" என்றேன், ஒரே ஒரு தடவை,
அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது.
"யாருடி அவன்?"
யாருமில்லை.
அதுதான் யாருக்கும் புரியவில்லை.
நாடகத்து இளவரசிக்கு ஒருவன் இருக்கிறான்,
கோட்டைச் சுவர் ஏறி வர, குத்துப்பட்டுச் சாக.
எனக்கு வெறும் வேணாம்தான்.
வேணாமுக்கு வேஷம் கட்ட சங்கத்தில் ஆளில்லை.
"தேதி குறிச்சாச்சு, வாய மூடு" என்றார்.
இதை யாரும் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

அன்று மூன்றாம் காட்சி.
விரலை நீட்டி, "கேள் மகளே" என்றபோது
வண்டி வந்தது.
ஐம்பத்துநான்கு பெட்டி. எண்ணினேன்.
கரித்தூள் ட்யூப்லைட்டில் மின்னிக்கொண்டே இறங்கி
அட்டைக் கிரீடத்தில் படிந்தது.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் போனது.
விரல் மட்டும் நீட்டியபடி.
வசனம் வண்டியோடு போய்விட்டது.

பக்கவாட்டில் பார்த்தார்.
அரசன் பார்வை இல்லை.
மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று
தேடுகிற ஆளின் பார்வை.
என் விரலுக்கடியில் வரி இருந்தது:
'ஈன்றவன் நான். உன் உயிரும் என் உடைமை.'
ஒரு மூச்சு போதும்.
நான் கொடுக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு குழந்தை இருமியது.
ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை அமுக்கி,
பயந்து விரலை எடுத்தார்.
பிறகு ஜம்புலிங்கம், சாகவேண்டிய ஜம்புலிங்கம்,
முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:
"யோசிச்சு சொல்லுங்கப்பா. அவசரமில்ல."

அப்பா விரலை மடக்கி,
"சரிம்மா" என்றார்.

மைதானமே கைதட்டியது. படுதாவை இறக்கிவிட்டார்கள்.
நஞ்சுக் குப்பியில் ஊற்றிவைத்த நன்னாரி சர்பத்தை
வாயிற்காவலன் குடித்துவிட்டான்.

வீட்டுக்கு நடந்தோம்.
அவர் காதோரம் அரிதாரம் போகவில்லை.
சட்டைப் பையில் நான்காக மடித்த புரூஃப்.
கேட் மறுபடி போட்டிருந்தது.
"ஏன் எடுத்துக் கொடுக்கல?"
"எழுத்து புரியலப்பா."
"உன் கையெழுத்துதானே?"
"ஆமா."

வண்டி வந்தது.
பெட்டிகளுக்கிடையே விட்டுவிட்டு வந்த வெளிச்சத்தில்
அப்பாவின் உதடு அசைந்தது.
வசனமா, பெட்டிக் கணக்கா,
தெரியவில்லை.