கழிவு

கீழமாரட் வீதி வெங்காய மண்டியில்
பத்தொன்பது வருஷமாக நான்தான் தராசு.
மூட்டையைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்:
இது நாசிக், நாற்பத்தெட்டரை.
இது ஒட்டன்சத்திரம், ஈரம்,
நாளைக்கு ரெண்டு கிலோ இறங்கும்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்,
ஆளில்லாத மதியத்தில்
மிஷின் மேல் சும்மா ஏறி நின்றேன். அறுபத்தெட்டு.
புரட்டாசியில் அறுபது.
முதலில் மிஷினைத்தான் சந்தேகப்பட்டேன்.
முத்திரைக் கல்லை எடுத்து வைத்தேன்,
இருபது கிலோ இருபதாகவே இருந்தது.

வெங்காயம் எடை குறைந்தால் காரணம் தெரியும்.
காற்று குடித்திருக்கும்.
எலி.
வரும் வழியில் எவனோ சாக்கைப் பிரித்துத் தைத்திருப்பான்,
நூலின் நிறம் காட்டிக்கொடுக்கும்.
இல்லையென்றால் உள்ளே ஒன்று அழுகியிருக்கும்,
பக்கத்து ஒன்பதையும் தண்ணீராக்கியிருக்கும்,
வெளியே மூட்டை மூட்டையாகத்தான் நிற்கும்.
இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும்
எனக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

சிக்கந்தர் டீக்கடையில் தீர்ப்பு உடனே வந்தது.
"சுகர்தாண்ணே. ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"
ரெண்டு என்றேன்.
மூன்றைக் குறைத்துச் சொன்னது தொழில் பழக்கம்.
லோடுமேன் மொக்கராசு "தோப்பூர்" என்று ஒரே வார்த்தை சொல்லி
என் டம்ளரிடமிருந்து தன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.
முதலாளி தனுஷ்கோடிக்குப் பொறாமை:
"வண்டியூர்க் கண்மாயச் சுத்தித் தெனம் நடக்கேன்யா,
ஒரு கிலோ குறையல."

ஒச்சம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை.
ஆணியைச் சூடாக்கி பெல்ட்டில் ஓட்டை போட்டாள்.
அடுத்த மாதம் இன்னொன்று.
மூன்றாவதுக்கு ஆணியை எடுத்தவள்
அடுப்பிலேயே போட்டுவிட்டு
"நாளைக்கு லீவு சொல்லுங்க" என்றாள்.

பெரியாஸ்பத்திரி பெஞ்சில்
தன் சட்டைக்குள் தானே தேடும்படி ஆறு பேர்.
டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.
பசிக்குதா? முன்னைவிட அதிகம்.
விழுங்கினா அடைக்குதா? கை நடுங்குதா?
ராத்திரி வேர்த்துச் சட்டை நனையுதா?
வெளிக்குப் போறப்ப ரத்தம்? இருமல்? பீடி?
கடைவாய்ப் பல்லு ரெண்டும் எங்க?
சமீபத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?

யாருமில்லை என்றேன்.
விருவீட்டுச் சின்னாண்டி எனக்கு யார்?
மூட்டைக்கு ரெண்டு கிலோ சாக்குக் கழிவு என்று நான் எழுதும்போது
"சாக்கு அம்புட்டா கனக்கும்?" என்று
ஒரே ஒருமுறை கேட்ட மனுஷன், அவ்வளவுதான்.
மாசியில் மொட்டைத் தலையோடு அவர் மகன் லோடு கொண்டுவந்தான்.
எதுவும் கேட்காமல் ரெண்டு கிலோ கழித்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
சளிக்கு ஒரு டப்பா.
வியாழக்கிழமை வரச் சொன்னாள்.
"பாதிக்கு மேல மருந்து இருக்கிற வியாதிதாங்கய்யா.
ஆனா அஞ்சு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"
எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று செவ்வாய்.
சின்னாண்டி மகன் பதினோரு மூட்டை இறக்கியிருக்கிறான்.
ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டி, உதறி,
வெறும் சாக்கை மிஷினில் போட்டேன்.
அறுநூற்றுப் பத்து கிராம்.
அவன் எண்ணைப் பார்க்கிறான்,
முதலாளி என்னைப் பார்க்கிறார்.
இது எனக்கு மருந்தாகாது, தெரியும்.
சர்க்கரைக்கும் சளிக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

அடுத்தது பல்லடம் லாரி.
கை தன்னால் கழிவு ரெண்டு என்று எழுதியது.
அடித்தேன். பேனாவை மூடினேன். திறந்தேன்.
தாகமாக இருந்தது,
இன்றைக்கு ஏழாவது தடவை.