நிலுவை

பாண்டிருப்பில் பின்னேரம் ஐந்தரைக்கு
அலுமாரிக்குள் தலையை நுழைத்துப் பாடுகிறேன்.
அம்மாவின் கூறைச்சேலை எதிரொலியைக் குடிக்கும்.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
மூன்றாம் அடிக்குச் சரியாக
பாண் ஆட்டோ வரும்.
அதன் மணிமெட்டு
என் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
நான்கு தரம் நிறுத்தினேன்,
ஐந்தாம் தரம் வரட்டும் என்று விட்டேன்.

ஒலி சேர்த்தது சாய்ந்தமருது ஜெஸீல்.
இஷா முடிந்து, கடைக்கதவைப் பாதி இறக்கி,
கண்ணாடி நொறுங்கிய கைபேசிகளின் நடுவே.
காசு வேணாம் என்றான்.
கொஞ்சம் யோசித்து,
"ஹெட்போன் வயர் ஒண்டு வாங்கித் தாங்க."
பாண்காரனை வெட்டவா என்று கேட்டு
வெட்டியும் போட்டுக் காட்டினான்.
பாட்டு விசா எடுத்துப் போய்விட்டது போலிருந்தது.
திரும்ப ஒட்டினோம்.

கீபோர்ட் விதுர்ஷன் கட்டாரில்.
வெள்ளிக்கிழமைகளில் எட்டுப்பேர் படுக்கும் அறையிலிருந்து
மேசையில் தாளம் தட்டி அனுப்புகிறான்.
பின்னால் யாரோ குறட்டை விடுகிறார்கள்,
அதுவும் தாளத்தில்.

கல்யாண மண்டபத்தில் பாட்டுக்கு இரண்டாயிரம்.
சொந்தப் பாட்டென்றால்?
"அதை உங்கட வீட்டில பாடுங்க தங்கச்சி."
மாப்பிள்ளையின் மாமா
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
பாட்டுக் கட்டுதல் என்று எழுதினேன்.
கவுண்டரில் இருந்த பெண் முதற்சொல்லை விட்டுவிட்டு
"கட்டிட வேலையா அக்கா?" என்றாள்.
ஓம் என்றேன்.

ஆறு மாதத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் சேர்ந்திருக்கிறது.
ஐயாயிரம் ஆகாமல் எடுக்க ஏலாதாம்.

ஆகவே
எட்டரையிலிருந்து ஐந்து வரை
கல்முனையில் ஒரு லீசிங் கம்பனி.
காதில் கருவி, கையில் பட்டியல்,
தவணை தவறிய முப்பத்தொரு பேர்.
நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று.
பதினேழாவது தம்பிலுவில்,
க. பேரின்பராசா, லேண்ட்மாஸ்டர், மூன்று மாதம்.

அழைத்தேன்.
மணி அடிக்க வேண்டிய இடத்தில்
நான் பாடினேன்.

கடைசி பஸ் போயிட்டு,
உன் பொய் மட்டும் ஏறாமல்

பின்னால் பாண் ஆட்டோ.

"ஹலோ" என்றார் பேரின்பராசா.
என்னோடு நிற்குது என்ற வரி
அவர் வாயில் அறுந்தது.

"ஐயா, லீசிங்கில இருந்து கதைக்கிறன்.
மூண்டு மாசம் நிலுவை கிடக்கு."
அதே குரல்தான்.
அவருக்குத் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
தன் போனுக்குப் போட்ட பாட்டைத்
தானே கேட்க முடியாதே மனிதரால்.
அழைப்பவர்க்குத்தான் அது.
அவரை அழைப்பவர் யார்?
உரக்கடைக்காரர். வட்டிக்குக் கொடுத்தவர். நான்.
என் ரசிகர் மன்றம் முழுவதும் கடன்காரர்கள்.

"வெள்ளாமை வெட்டினதும் கட்டிருவன் மகள்.
மறுகா எடுங்க."
எந்த மறுகா, திகதி சொல்லுங்க என்றேன்.
கேட்க நினைத்தது அதுவல்ல.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று
முதலிலேயே சொல்லியிருந்தேன்.
இங்கேயும் என் குரல் சேமிப்பில் இருக்கிறது,
அலுமாரியைவிடத் துப்புரவாக.
பாண் ஆட்டோ மட்டும் இல்லை.

மறுநாள் பட்டியலில்
அவரை முதலாம் ஆளாக ஏற்றினேன்.
பத்து மணி. வயலில் நிற்பார்,
போன் வரம்பில் சட்டையோடு கிடக்கும்.
எடுக்காதீங்க பேரின்பராசா,
இரண்டாம் சரணம் இன்னும் வரவில்லை.

எடுக்கவில்லை.
பக்கத்து மேசை பிரதாயினி
என்ன, தலையாட்டுறாய் என்றாள்.

கடைசி அடி முடியும்வரை கேட்டுவிட்டு
கோப்பில் எழுதினேன்:
பதில் இல்லை.
மீண்டும் அழைக்க வேண்டும்.