இயந்திர உதிரிபாகம்

டாலி ஷீட்டில் பதினான்கு பெட்டிகள்.
சரக்கு என்ற கட்டத்தில்
இயந்திர உதிரிபாகம் என்று அடித்திருந்தது.
எந்த இயந்திரம், அது எதை உதிர்க்கும்
என்பதற்குக் கட்டம் இல்லை.

பெட்டிகள் போகிற ஊரின் பெயரை
நான் எழுதவேண்டும், தெளிவாக, பெரிய எழுத்தில்.
முந்தின வாரம்தான் டிவியில் பார்த்த ஊர்.
மேல்மாடி இல்லாத ஆஸ்பத்திரி,
வாசலில் ஒற்றைச் செருப்போடு ஒரு பையன்
யாருக்கோ டோக்கன் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி மழை விட்ட இரவு.
எத்திராஜுலு கிரேன் கூண்டில் ஏறினார், உட்கார்ந்தார்,
பீடி பற்றவைத்தார்.
கொக்கி முதல் பெட்டிக்கு மேலே வந்து
அப்படியே நின்றது.
வாக்கிடாக்கியில் கேட்டால்
"தோள்பட்டை வலிக்குது" என்கிறார்.
ஐந்து நிமிஷம் கழித்து
"ரெண்டு தோளும்" என்கிறார்.

கேண்டீனில் கூடினோம்.
"இதெல்லாம் டெல்லி பார்த்துக்கும், நமக்கென்ன"
என்றார் ஃபோர்மேன் தணிகைவேல்.
"டெல்லில ஏது சார் கடலு?"
என்றாள் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஜரினா.
சிரித்தோம். அதற்குப் பிறகுதான் சண்டை.

நாம தூக்கலைன்னா காட்டுப்பள்ளில தூக்குவான்,
கூலி அவனுக்கு, பழி நமக்கு. இது லாசர்.
என் மச்சான் அங்கதான் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கான்,
இங்க முரண்டு பிடிச்சா அவன் விசா என்ன ஆவும்?
இது நாகூர்கனி.
இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

புழல் முகாமிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு வரும் தவமலர்
எடைமேடைச் சீட்டுகளை அடுக்கியபடி சொன்னாள்:
"எங்கட வளவில விழுந்ததிலயும்
ஏதோ ஒரு ஊரின்ர பேர் இருந்தது.
வாசிக்க நேரம் இருக்கேல்ல."

நூறு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி
இந்தக் கரையில் குண்டு போட்டுவிட்டுப் போன கப்பலின் பெயர்
இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது.
சரியான எம்டன்டா அவன், என்போம்.
எங்கேயோ இருந்த ராஜாக்களுக்குள் தகராறு.
எரிந்தது இங்கே எண்ணெய்த் தொட்டி,
மூட்டை கட்டி ஓடியது ஜார்ஜ் டவுன்.
அந்தக் குண்டுகளையும் ஏதோ ஒரு துறைமுகத்தில்
காதில் பென்சில் செருகிய ஒருவன்
எண்ணித்தான் ஏற்றியிருப்பான்.
அவன் தாளில் சரக்கு என்ற கட்டத்தில்
என்ன எழுதியிருந்ததோ.

வெளியுறவு, வெளியுறவு என்கிறார்கள்
ஏசி அறையில் கோட்டுப் போட்டவர்கள்.
நல்ல சொல்தான்.
வெளியே இருப்பதும் உறவு என்று
அதை முதலில் சேர்த்து எழுதியவர்
நினைத்திருக்க வேண்டும்.
நலன் என்றும் சொல்கிறார்கள், தேச நலன்.
நலமா என்று யாரைக் கேட்டுவிட்டு வந்தது அந்தச் சொல்?

கை தூக்கச் சொன்னார்கள்.
எண்ணுவது என் வேலை என்பதால்
என் கை கடைசியாக எழுந்தது,
பாதியில் தலைமுடியைக் கோதப் போய்
பிறகு ஒருவழியாக மேலே.
முப்பத்தொன்றுக்குப் பத்தொன்பது.
பத்தொன்பதில் நாகூர்கனி இருந்தார்.
கூட்டம் முடிந்ததும் எனக்கு டீ வாங்கித் தந்தார்.

மூன்றாம் நாள் பெட்டிகள் டிரெய்லரில் ஏறி
எண்ணூர் சாலையில் வடக்கே போயின.
லாசர் சொன்னதுதான் நடந்தது.
கப்பல் கிளம்பிய நேரத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
வாட்ஸப்பில் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அந்த இரவின் ஷீட்
மூன்று நகல்களோடு ஆவணக் கிடங்கில் இருக்கிறது.
குறிப்பு என்ற கட்டத்தில், கார்பன் பதிய அழுத்தி,
"ஏற்றவில்லை" என்று எழுதினேன்.
காரணம் கேட்கும் வரி கீழே இருந்தது.
"தோள்பட்டை வலி" என்று எழுதி
"அனைவருக்கும்" என்று சேர்த்தேன்.

அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்தம்.
எதற்காக என்ற இடத்தில்
"இதர" என்று போட்டிருந்தார்கள்.