இரண்டு ரிங்

காரணம் கேட்கிறார்கள்.
யாரும் சாகவில்லை. கடன் இல்லை.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
கணக்கெழுதும் நாற்காலி இன்னும் என்னுடையதுதான்.
எட்டு நாளாக லீவு.
எட்டு நாளாக அதே லுங்கி.

ஒரு மதியம் தாகமெடுத்தது.
கட்டிலிலிருந்து குடம் ஒன்பது அடி.
ஒன்பது அடி என்பது
நாமக்கல் போய்த் திரும்புகிற தூரம்.
குடிக்காமலே படுத்திருந்தேன்.
தூக்கம் என்று அதைச் சொல்லக் கூடாது,
மூடி போட்ட பாத்திரத்துக்குள்
மிச்சமாய்க் கிடப்பது.

இருதயராஜ் ஏற்காட்டில்
காப்பி மூட்டைக்கு எடை போடுகிறவன்.
போனில் ஆறுதல் சொல்லவில்லை.
எல்லாம் சரியாகும் என்று சொல்லியிருந்தால்
வைத்திருப்பேன்.
"ஒரு டம்ளரைக் கழுவு" என்றான்.
"ஒன்றுதான். ரெண்டாவதைத் தொடாதே.
கழுவினதும் ஒரு மிஸ்டு கால் கொடு.
எடுக்க மாட்டேன். காசு ஆகாது."

இருட்டிய பிறகுதான் கழுவினேன்.
அடியில் பழைய டீ வட்டமாகக் காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.
இரண்டு ரிங். வைத்துவிட்டேன்.

மறுநாள் டம்ளரோடு கதவும்.
திறந்து, மாடிப்படியில்
பத்து நிமிடம் வெயிலில் உட்கார்ந்தேன்.
சேலத்து வெயிலை
யார் தேடிப்போய் வாங்குவார்கள்?
எதிர்வீட்டு டீச்சர்
சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.

பழைய பில்புக்கின் முதுகுப் பக்கத்தில்
பற்று, வரவு என்று கோடு கிழித்தேன்.
பற்று தானாக நிரம்பும்,
கை அதற்குப் பழகியது.
வரவில் எழுதினேன்:
டம்ளர் ஒன்று. வெயில் பத்து நிமிடம்.
கூட்டிப் பார்க்கவில்லை.
கூட்டினால் மனசு
உடனே வட்டி கேட்கும்.

கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை சைக்கிள்.
அப்புறம் நடை.
கொண்டை ஊசி வளைவுகள் இருபது என்று
ஊருக்கே தெரியும்.
நான் ஒன்றாம் எண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
அடுத்த நாள் அதுவும் இல்லை.
அதற்கடுத்த நாளும்.
நாலாம் நாள் அவனே கூப்பிட்டான்.
"டம்ளர் எங்கே?"
அழுதேன்.
"அழுதுகொண்டே கழுவலாம்,
தண்ணீர் தண்ணீர்தான்" என்றான்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி
வரிசையில் நின்றதும் அந்த வாரம்தான்.
மாத்திரை உண்டு. மறைக்கவில்லை.
அவசரப்படாத ஒரு சின்ன வயது டாக்டர்
எல்லாம் கேட்டுவிட்டு,
டம்ளரையும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஒரு சாயங்காலம் தள்ளுவண்டியில்
தட்டுவடை செட் வாங்கினேன், சும்மா பழக்கத்தில்.
இரண்டாவது கடியில்
பீட்ரூட் இனிக்கிறது என்று தெரிந்தது.
வண்டிக்காரரிடம் சொன்னேன்.
அவர் ஒரு மாதிரி பார்த்தார்.
பீட்ரூட் இனிக்கத்தானே செய்யும்.

ஆடிக் காற்று. மூன்றாம் வளைவு.
சுவர்மேல் ஒரு குரங்கு
என்னைப் பொருட்படுத்தாமல் பேன் பார்த்தது.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம்
யாரோ மாவு கொட்டிவிட்டுப் போனதுபோல.
நாலாவதுக்கும் போகலாம் என்று தோன்றியது.
போகவில்லை.
தோன்றியதை வரவில் எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரி பத்தேகால்.
போன் இரண்டு முறை அடித்து நின்றது.
இருதயராஜ்.

திரும்பக் கூப்பிடப் போன விரல் நின்றது.
எடுப்பதில்லை என்பதுதான் ஒப்பந்தம்.
இந்நேரம் மலையில்
குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும்.
எந்த டம்ளர்,
எத்தனை வருஷமாக,
எனக்கு முன்னால்
யாருடைய போனில் அடித்து நின்றுகொண்டிருந்தான்?

விளக்கைப் போட்டேன்.
பில்புக்கில் புதிதாக ஒரு பக்கம் திருப்பி
மேலே அவன் பெயரை எழுதினேன்.
வரவு: இரண்டு ரிங்.
பிறகு எழுந்து போய்
ஒன்பதடி தள்ளியிருந்த குடத்திலிருந்து
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.