மிக மெல்லிய அடுக்கு

எண்பத்து நான்கு கிகாபைட்.
மாலை ஆறுக்குத் தொடங்கியது
இறங்கி முடிய ஒன்பதேகால்.
அதற்குள் உருளைக்கிழங்கு வெந்து, ஆறி,
நின்றபடியே தின்றும் ஆயிற்று.
ஜன்னலுக்கு வெளியே கோதன்பர்க்கில்
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு நிமிட இசை,
விலாங்குகள் பற்றிய படத்துக்கு.
இயக்குநர் சொன்னது ஒரே வரி:
"நாட்டுப்புறமாக இருக்கணும்,
ஆனால் யாரும் எழுந்து ஆடிவிடக் கூடாது."

திறந்தேன்.
மாட்டுக்கொம்பு. பூர்ச்சப் பட்டை சுற்றிய நெடுங்குழல்.
மலைச்சரிவில் பசுக்களைக் கூப்பிடும் பெண்குரல்,
பசு இல்லாமல், மலை இல்லாமல்;
எதிரொலி தனிக் குமிழில், திருகினால் கூடும்.
பின்னால் நாற்பது பேர் வில்லைத் தூக்கியபடி
மூச்சடக்கிக் காத்திருக்கிறார்கள்
என் சுண்டுவிரலுக்கு.

கீழ்க்கோடிக் கட்டைகள் ஒலிப்பதில்லை.
அவை குணம் மாற்றும்:
ஒன்றை அழுத்தினால் வில் நீளும்,
அடுத்தது கிள்ளும், அதற்கடுத்தது நடுங்கும்.
மனிதர்களுக்கும் ஓர் ஓரத்தில்
இப்படி ஊமைக் கட்டைகள் உண்டு.
தெரியாமல் கைபட்டு நானே பலமுறை மாறியிருக்கிறேன்.

நிக்கல்ஹார்ப்பாவுக்கு வந்தேன்.
சாவி வைத்த வில்யாழ்.
பதினாறு தந்திகளில் நாலைத்தான் வில் தொடும்,
மற்றவை அக்கம்பக்கத்தார்போல்
கேட்டே அதிரும்.
ஒவ்வொரு சுரமும் நாலுமுறை பதிந்திருக்கிறது.
மனுசக் கை எதையும்
இருமுறை ஒரேமாதிரி செய்யாதாம்;
அந்தச் செய்யாமையையும் எண்ணி
நாலாக்கி விற்கிறார்கள்.

மேல் ரி-யில், நாலாவதில்,
சுரம் ஓய்ந்தபின் ஒரு நாற்காலி முனகியது.
மறுபடி அழுத்தினேன்: இல்லை.
மறுபடி: இல்லை. மறுபடி: இல்லை.
அதற்கும் மறுபடி: முனகல்.
மணி பதினொன்று. அதை மட்டும்
முப்பது தடவை கேட்டிருப்பேன் போல.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு சிக்ஸ்டன், ஒன்பதாம் தடத்தில் டிராம் ஓட்டுகிறவர்.
காலுறையோடு, கையில் பல்துலக்கியோடு.
திட்டத்தான் வந்தார், முகம் தயாராக இருந்தது.
என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து,
"அந்த நாற்காலி என்னுடையது" என்றார்.

நாலு வருடம் முன்பு, இரண்டு நாள் கூலி.
ஜன்னலில்லாத கூடம், தலைக்குமேல் ஏழு மைக்.
மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி;
வில் மேலே, வில் கீழே;
ஓய்ந்தபின் பத்து நொடி அசையக் கூடாது.
"எல்லாமும் வாசிக்கச் சொன்னார்கள்,
ஒரு பாட்டைத் தவிர."

உட்கார்ந்தார். ஒற்றை விரலால்
ஏதோ கல்யாண நடையைத் தேடினார்.
சுரத்துக்குச் சுரம் கை வழுக்க வேண்டிய இடத்தில்
வழுக்கல் இல்லை, படிக்கட்டு இருந்தது.
வருந்துவார் என்று
ஆறுதல் வார்த்தை ஒன்றை நான் துடைத்து எடுப்பதற்குள்
பாதியில் நின்ற என் விலாங்குத் துரத்தலை ஓடவிட்டார்.
நொடிக்குப் பதினாறு சுரம்.
வாய்விட்டுச் சிரித்தார்.
"ஆயுசில் இவ்வளவு வேகமாக நான் வாசித்ததில்லை.
என் தங்கைக்கு அனுப்பு. நம்பவே மாட்டாள்."

வாசலில் திரும்பினார்,
வந்த காரியம் அப்போதுதான் நினைவு வந்து:
"நாலே முக்காலுக்கு முதல் வண்டி.
கொஞ்சம் குறைத்துக்கொள்."

கீழே குழாய் மூடும் சத்தம்.
கட்டில் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஹெட்போன் மேசையிலேயே இருக்கிறது.
எடுக்கவில்லை.
கட்டையைத் தொட்டேனா இல்லையா
என்கிற அளவுக்குத் தொட்டேன்.
திரையில் அழுத்தம் ஐந்தோ ஆறோ;
அவர் மிக மெல்ல இழுத்தவையெல்லாம்
அங்கேதான் அடுக்கியிருக்கிறது.
கீழே அவர் தூங்குகிறார்.
மேலே அவரை வாசிக்கிறேன்,
அவரே எழுந்துவிடாத அளவுக்கு.

நாலாவது முறை, நாற்காலி.

விலாங்குகளுக்கு இன்னும் பத்தரை நிமிடம் பாக்கி.